உறைக்குள் இருந்த குதிரை

சோம்போர்,
30 செப்டம்பர் 1973, ஞாயிறு

தெசாங்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். பெல்கிரேடில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தேன், நோவி சாதில் ஒன்றரை மணி நேரம். அதைத் தவிர பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சொல்லியிருந்தால் ஓட்டல் வாசலிலேயே சண்டை வந்திருக்கும். சதுரங்கம் பார்க்க வந்தவர்களுக்கு இலவசமாக இன்னொரு ஆட்டம் கிடைத்திருக்கும்.

முதலில் வாழ்த்து. மிலுங்காவைக் கறுப்புக் காய்களோடு ஜெயிப்பது லேசான காரியமில்லை. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளி அவள் ஆட்டத்தைத் தொடங்கினால், எதிரே உட்கார்ந்தவர்கள் மூச்சுவிட இடமில்லாமல் தவித்துத்தான் எழுந்து போவார்கள். நீ தவிக்கவில்லை. பின்வரிசையிலேயே பொறுமையாகக் காய்களை அடுக்கிவைத்து, அவள் களைத்த நேரம் பார்த்து ஒரு சிப்பாயைப் பறித்தாய். என் பயிற்சி அது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

மற்றதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. வியாழக்கிழமை ஐந்து மணி நேரமாகியும் ஆட்டம் முடியவில்லை, சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். நகர்த்த வேண்டியவள் நீ. வழக்கப்படி அடுத்த நகர்த்தலைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்தாய். அறைக்கு வந்ததும் கேட்டேன், "என்ன எழுதின?" "யானை. ரெண்டாவது வரிசைக்கு இறக்கிட்டேன்" என்றாய். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த யானையை வைத்து மீதி ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை காலை நடுவர் உறையைக் கிழித்துப் பலகையில் நகர்த்தியது குதிரையை.

கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்த பாதிப் பேர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். புருஷனுக்கே தெரியாதா என்று.

மீதி ஏழு ஆட்டங்களுக்கான நோட்டுகளை உன் அறை மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். பழுப்புக் கம்பளிச் சட்டை உன் பெட்டியின் அடியில் இருக்கிறது. இங்கே, குளிர்காலத் தொக்குக்கு வாங்கிய ஐம்பது கிலோ குடமிளகாய் நாம் கிளம்பும்போது வைத்த இடத்திலேயே மூட்டையாகக் கிடக்கிறது. இரண்டு நாள் விட்டால் அழுகிவிடும். நாளைக்குச் சுட ஆரம்பிக்கிறேன்.

ஒப்ராட்


சோகோபான்யா,
3 அக்டோபர்

ஒப்ராட்,

கடிதம் கிடைத்தது. வாழ்த்துக்கு நன்றி. நேற்று தோற்றேன். அதற்கும் வாழ்த்தலாம்.

நான் பொய் சொன்னேன். ஆமாம். அதை மறைக்கப் பார்க்கவில்லை. ஏன் சொன்னேன் என்று ஒரு வரியாவது நீ உன்னையே கேட்டுக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். உன் கடிதத்தில் பெல்கிரேடு இருக்கிறது, நோவி சாத் இருக்கிறது, குடமிளகாய்கூட இருக்கிறது. குவோஸ்தென் மட்டும் இல்லை.

மிலுங்காவின் பயிற்சியாளர் யார்? குவோஸ்தென். நம் கூம். நம் கல்யாணத்தில் உன் பக்கத்தில் சாட்சியாக நின்றவன். நம் ஊர்ப் பக்கம் கூட்டாளியை மறுக்கலாம், கூடப் பிறந்தவனைக்கூட மறுக்கலாம், கூமை மறுக்க முடியாது. உன்னால் சுத்தமாக முடியாது. ஓஹ்ரிட் ஏரிக்கரையை மறந்துவிட்டாயா? ஆறு மாதம் நான் யாருக்கும் காட்டாமல் பொத்திவைத்த புது ஆட்டத் தொடக்கத்தை, இரண்டு கிண்ணம் பிளம் சாராயம் உள்ளே போனதும் அவனுக்கு அடுக்கிக் காட்டினாய். "பாருடா, எம் பொண்டாட்டி மூளைய பாரு!" பெருமையாகத்தான் காட்டினாய், எனக்குத் தெரியும். மறுநாள் அவனுடைய மாணவி அதே தொடக்கத்தை எனக்கு எதிராக ஆடினாள். நாலு வருடமாக "போனது போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகவில்லை.

இங்கேயும் தினமும் காலையில் அவனோடுதான் உனக்குக் காப்பி. வெள்ளிக்கிழமை காலையிலும். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு மணி நேரம். நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய், அவன் தலையை ஆட்டுகிறான்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று நீயும் பார்த்தாய். பலகையில் குதிரை பின்வாங்கியதும் மிலுங்கா நாற்பது நிமிடம் யோசித்தாள். யானை வரும் என்று தயார் செய்து வந்தவள்தான் அப்படித் திகைப்பாள். யானை என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் நான்கு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. மாஸ்டர் பட்டத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று உனக்குத் தெரியாதா? சண்டை போடக்கூடத் தெம்பில்லை. உண்மையைச் சொல், போதும்.

தெசாங்கா


சோம்போர்,
6 அக்டோபர்

தெசாங்கா,

சொல்லவில்லை. இதுதான் உண்மை. இதற்கு மேல் நீட்டவும் ஒன்றுமில்லை.

ஓஹ்ரிட் என் தப்பு. அன்றே ஒத்துக்கொண்டேன், காலில் விழாத குறையாக. இந்த முறை குவோஸ்தெனிடம் நான் பேசியது குடமிளகாயைப் பற்றி. ஒரு மணி நேரம் முழுக்க. தோல் உரிப்பதற்கு முன்னால் மூடிவைத்து வேர்க்கவிட வேண்டுமா, தண்ணீரில் போட வேண்டுமா என்று. தண்ணீரில் போட்டால் ருசி போய்விடும் என்றேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கையை ஆட்டியது அதற்குத்தான். நம்பாவிட்டால் அவனையே கேள். கூம் உறவில் கேட்டால் மறுக்க முடியாதல்லவா, உன் கணக்குப்படி?

திங்கட்கிழமையிலிருந்து சுடுகிறேன். முதல் பத்துக் கிலோ கரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு பிரோஷ்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஒப்ராட் அண்ணே, இது தொட்டுக்கவா, இல்ல அடுப்பு மூட்டவா?" என்றாள். பிறகு அவளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து தோல் உரித்துக் கொடுத்தாள். "அண்ணி எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். போட்டி முடிந்ததும் என்றேன்.

அடுத்த ஆட்டம் கிராகுயேவாட்ஸ்காரியோடு. அவளுக்கு நேரம் போதாது, கடைசி பத்து நகர்த்தலில் அவசரப்படுவாள். நோட்டில் எழுதியிருக்கிறேன். படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

இனி எழுதப் போவதில்லை. கை வெந்திருக்கிறது.

ஒ.


சோகோபான்யா,
9 அக்டோபர்

ஒப்ராட்,

நீ எழுத வேண்டாம். படித்தால் போதும்.

கிராகுயேவாட்ஸ்காரி அவசரப்பட்டாள். ஜெயித்தேன். நோட்டைப் படித்துவிட்டுத்தான் ஆடினேன்.

இன்று காலை சுடுநீர் ஊற்றுப் பக்கம் போயிருந்தேன். மூட்டுவலிக்காரர்கள் கையில் குவளையோடு வரிசையில் நிற்பார்களே, அங்கே மிலுங்காவும் நின்றிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

"அக்கா, கோவமா என் மேல?"

"தோத்தவ நீ. கோவப்பட வேண்டியது நீதானே?"

"அந்தக் குதிரை என் உயிர எடுத்திருச்சுக்கா. வெள்ளிக்கிழமை பூரா அதையேதான் பாத்துக்கிட்டிருந்தோம். நீங்க யானைய எறக்குனா எனக்குக் கவலையே இல்ல, மந்திரியக் குடுத்து உங்க கடைசிச் சிப்பாயத் தின்னுட்டா டிரா. குதிரை பின்னால வந்து அந்தச் சிப்பாயக் காப்பாத்துனா ஒரு வழியும் கெடைக்கல. உறையில அதான் இருக்கும்னு குவோஸ்தென் அடிச்சுச் சொன்னாரு. 'தெசாங்கா அதத்தான் எழுதியிருப்பா, எனக்கு அவளத் தெரியும்'னாரு."

"அப்புறம் எதுக்கு நாப்பது நிமிஷம் யோசிச்ச?"

"யோசிக்கலக்கா. அழுகைய அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் குவளையை நிரப்ப வழி கேட்டார். நான் நகரவேயில்லை போலிருக்கிறது, அவர் இரண்டாவது தடவை கேட்டார்.

குவோஸ்தெனையும் பார்த்தேன். கேட்கத் தேவையில்லை, ஆனாலும் கேட்டேன். "ஒப்ராட்டா? அந்த மனுஷன் ஒரு மணி நேரம் மிளகாயப் பத்திப் பேசியே என்னக் கொன்னுட்டான். ஆட்டம் எப்படின்னு நானே ஒரு தடவ கேட்டேன். 'கூம், அதக் கேக்காத. கேட்டா என்னால மறுக்க முடியாது'ன்னான். அதுக்கப்புறம் நான் கேக்கல" என்றான்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். உன்னைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. யானை இறங்கினால் டிராதான் என்று அவர்கள் அரை நாளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நீயும் கண்டுபிடித்தாய், வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் சொல்லவும் செய்தாய். அதன் பிறகும் சாயங்காலம் வரை அதே யானையை வைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருந்தாய்? பிழைக்காது என்று தெரிந்த காயை?

தெசாங்கா


சோம்போர்,
12 அக்டோபர்

தெசாங்கா,

எழுத மாட்டேன் என்றேன். நீ கேள்வி கேட்டுவிட்டாய், வேறு வழியில்லை.

எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானமே தெரியும், உறைக்குள் யானை இல்லை என்று.

சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? "தெசா, கெட்ட சேதி. யானை எறங்குனா அவ மந்திரியக் குடுத்துருவா. டிராதான், ஜெயிக்க வழியே இல்ல." அஞ்சு மணி நேரம் உழைத்துப் பிடித்த வெற்றியைக் கை நழுவ விட்டுவிட்டாய் என்று சொல்கிறேன். நீ என்ன செய்தாய்? "அப்படியா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தட்டு பீன்ஸ் சூப் வாங்கினாய். ஊறுகாய் வேறு கேட்டாய்.

பத்தொன்பது வருடமாக உன்னோடு சாப்பிடுகிறேன். தப்பாக ஆடிய நாளில் உனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்காது. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய். அந்த இரண்டாவது தட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. யானை இல்லை என்றால் குதிரைதான், வேறு எதுவும் அந்த நிலையில் உனக்குத் தோன்றியிருக்காது.

அப்புறம் ஏன் யானையோடு உட்கார்ந்திருந்தேன் என்கிறாய். நீயாகச் சொல்வாய் என்றுதான். வேறு காரணமில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தேன். மூன்று தடவை கேட்டேன்: "உறுதியா யானைதானே எழுதுன?" மூன்று தடவையும் "ஆமா" என்றாய். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னாய், அதுதான் தாங்க முடியவில்லை.

இடையில் கை கழுவும் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் பலகையில் குதிரையை அடுக்கிப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு மேல். "வயித்த சரியில்லையா?" என்று கதவைத் தட்டினாய். ஆமாம் என்றேன். அன்றைக்கு நானும் ஒரு பொய் சொன்னேன், அதையும் சேர்த்துக்கொள்.

குதிரை ஜெயிக்கும் என்று தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளக் கூடாது, முதலில் ராஜா வந்து சேர வேண்டும். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி?

சனிக்கிழமை காலை மண்டபத்து வாசலில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "வேண்டிக்கோ, யானை பிழைக்கட்டும்" என்றாய். இன்னும் இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் தெரியப்போகிற விஷயம். அப்போதாவது என் காதில் சொல்லியிருக்கலாம். நடுவருக்கு முன்னால் ஒரு நிமிடம், எனக்கு அது போதும்.

ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளினாய். மிலுங்கா அப்போது மந்திரியைக் கொடுத்திருந்தால் டிரா. அவள் களைத்துப்போயிருந்தாள், பார்க்கவில்லை. நான் கயிற்றுக்குப் பின்னால், விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

பொய் சொன்னாய் என்று நான் கிளம்பவில்லை. ஓஹ்ரிடில் நான் செய்ததற்கு அது சரியாகிவிட்டது. நான் அங்கே இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் வீட்டில் இருந்து மிளகாய் சுடலாம் என்று வந்துவிட்டேன்.

முப்பத்தொரு புட்டி தேறியது.

ஒப்ராட்


சோகோபான்யா,
15 அக்டோபர், திங்கள்

ஒப்ராட்,

உன் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையில் வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான். இன்று காலைதான் வந்தது. அரை நாளிலேயே மடிப்புக் கிழிந்துவிட்டது.

என்னை மன்னித்துவிடு. இதைச் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழியையும் எழுது என்று சொல்கிறவள் நான். வழி இதுதான்: உன் மேல் கோபமாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. நாலு வருடம். அந்தக் கோபம் இல்லாவிட்டால், தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் நானேதான் காரணம் என்று ஆகிவிடும். உறையில் எழுதும்போதே பொய் சொல்லத் தீர்மானித்தேன் என்று நினைக்காதே. படியேறி வரும்போதுதான். நீ கேட்டாய், வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்று பழகிய புத்தி.

ஒரு தட்டு சூப்பை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். இனி உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவே பயமாக இருக்கும்.

களைத்துவிட்டேன், ஒப்ராட். கண் எரிகிறது. பலகையை நிமிர்ந்து பார்த்தால் கட்டங்கள் நகர்வது போல இருக்கிறது. நேற்று அந்த நிஷ் நகரத்துப் பெண்ணோடு ஆட்டம், பத்தொன்பது வயது. நான் ராஜாவைச் சுற்றி வேலி கட்டி முடிப்பதற்குள் அவள் மூன்று டம்ளர் ஆப்பிள் சாறு குடித்துவிட்டாள். முடியவில்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுபடியும் நகர்த்த வேண்டியவள் நானேதான். மறுபடியும் காகிதம், உறை, பசை.

புதன்கிழமை கடைசிச் சுற்று, அதை டிரா செய்துவிடுவேன். நிறுத்திவைத்த ஆட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடரும். அதிலும் ஒரு டிரா கிடைத்தால் மாஸ்டர் பட்டம் வரும். தோற்றால் வராது. எனக்கு வேறு கணக்கு இல்லை.

பலகையின் நிலையைத் தனித்தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நீ அடுக்கிப் பார்க்கலாம். நான் எழுதியது இதுதான்: என் குதிரையால் அவளுடைய ஓரத்துச் சிப்பாயை வெட்டினேன்.

இதை உலகத்தில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. நடுவருக்கே தெரியாது, உறை ஒட்டியிருக்கிறது. அந்த நிஷ் பெண்ணுக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம் குவோஸ்தென்தான். மிலுங்கா மட்டும் அவனுக்குப் போதவில்லையாம். உன் தொலைபேசி எண் அவனிடம் இருக்கிறது. நீ யாரோடு வேண்டுமானாலும் பேசு. நான் ஜன்னலில் நிற்கப் போவதில்லை.

சனிக்கிழமை பரிசளிப்பு. ஞாயிறு கிளம்புகிறேன்.

தெசா


சோம்போர்,
18 அக்டோபர், வியாழன், காலை 10 மணி

தெசா,

இந்நேரம் நடுவர் உறையைக் கிழித்திருப்பார். அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் பேனாவையே தொடவில்லை, கை எங்கேயாவது எழுதித் தொலைத்துவிடுமோ என்று.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தபால்காரனைக்கூட உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுக்கினேன். சாயங்காலம் குவோஸ்தென் தொலைபேசியில் கூப்பிட்டான், சத்தியமாக. "கூம், எப்படி இருக்க?" என்றான். "மிளகாய வேர்க்க விட்டுத்தான் உரிச்சேன், தண்ணியில போடல. நீ சொன்னது தப்பு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிரோஷ்கா வந்து, "அண்ணி ஜெயிப்பாங்களா அண்ணே?" என்றாள். தெரியாது என்றேன். நீயாகவே சொன்ன உண்மையை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை.

மறைக்காமல் சொல்கிறேன். நீ தோற்கிறாய். அந்தக் குதிரை ஓரத்துக்குப் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. அவள் ஒரு சிப்பாயைத் தள்ளி வாசலை அடைத்துவிடுவாள், பத்தொன்பது வயதுக்காரிக்கு அது கண்ணில் படும். நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், ஒரு டிராவாவது கிடைக்குமா என்று. இல்லை. ஒட்டிய உறையை யாரும் மாற்ற முடியாது, நான் தந்தி அடித்தும் பயனில்லை. இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது உனக்கே தெரிந்திருக்கும். இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நோவி சாத் பேருந்து வரும். நிறுத்தத்தில் நிற்கிறேன். பீன்ஸ் ஊறப்போட்டுவைப்பேன்.

ஒப்ராட்